என் கண்ணிலிருந்து எடுத்த இழை

போவுவா, 2019 பிப்ரவரி 12, செவ்வாய்

மேசைத்துணிகள் ஆறையும் இஸ்திரி போட்டேன். ஐந்தாவதில் ஒரு கறை. மறுபடி வெளுத்துக் காயவைத்தேன், கறை போகவில்லை. சன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பார்த்தேன். கறை துணியில் இல்லை. நான் தலையைத் திருப்பினால் அதுவும் திரும்புகிறது. வலது கண்ணுக்குள் சிலந்தி வலை போல ஏதோ மிதக்கிறது.

எழுபத்தொன்பது வயதில் வேறென்ன இருக்கும்.

பிப்ரவரி 25

இடது கண்ணிலும். கொஞ்சம்தான்.

மார்ச் 6, சாம்பல் புதன்

பூசை முடிந்து இறங்கும்போது கடைசிப் படி இருப்பது தெரியவில்லை. விழுந்திருப்பேன். யாரோ கையைப் பிடித்தார்கள். "பாத்து, அண்ணி" என்றது குரல். சுல்மீரா. என் கணவர் பெல்மீருவின் தங்கை.

கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். நன்றி சொல்லவில்லை. அவளோடு பேச்சை நிறுத்தி இருபத்து மூன்று வருடமாகிறது. என் ஒரே மகன் துவார்த் முப்பத்தைந்து வயதில் சின்னப்பாத நோயில் போனான். முதலில் பாதம் மரத்தது. அடுப்புக் கனலை மிதித்துவிட்டு அது தெரியாமல் நடந்தான். பிறகு கால், வயிறு, இதயம். ஆறடி மனிதன் என் கைகளில் முப்பத்தெட்டு கிலோவாக இருந்தான். அந்த நோய் பெல்மீருவின் வீட்டு இரத்தத்தில் வந்தது. அவருடைய சித்தப்பா செஃபெரீனு காலை இழுத்து இழுத்து நடந்துதான் செத்தார். படகிலும் வலையிலும் கல்லறையிலும் பெயருக்குப் பதில் குடும்பக் குறி செதுக்கும் ஊர் இது. பெண் பேசுவதற்கு முன், அந்தக் குறிக்காரர் வீட்டில் சின்னப்பாதம் உண்டா என்று விசாரிப்பார்கள். என் தாய் விசாரிக்கத் தவறினாள்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தின் வாசலில், ஊரார் முன்னிலையில், சுல்மீராவிடம் சொன்னேன்: "உங்க குறிதான்டி என் பிள்ளையைக் கொன்னுச்சு."

இதுவரை அதற்காக வருந்தியதில்லை.

மார்ச் 19

இடது குதிகாலில் கொப்புளம். வெந்நீர்ப் பையாக இருக்கலாம். எப்போது பட்டது என்று தெரியவில்லை. மருந்து போட்டேன். இதைப் பற்றி மேலும் எழுதப்போவதில்லை.

ஏப்ரல் 3, புதன்

கண் மருத்துவர் கின்டெலா சின்ன வயதுக்காரர். நகம் வெட்டாதவர். வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்தார்.

"இது புரை இல்லம்மா. கண்ணுக்குள்ள இருக்கிற கூழ்ல பஞ்சு மாதிரி இழை இழையாப் படிஞ்சிருக்கு. உங்க குடும்பத்துல யாருக்காவது சின்னப்பாதம் இருந்துச்சா?"

"என் கணவர் குடும்பத்தில்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, உங்க கணவரோட இரத்தம் உங்க கண்ணுக்கு வராதே."

நகத்தை வெட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்தேன்.

ஏப்ரல் 4

கணவரின் இரத்தம் என் கண்ணுக்கு வராது.

ஏப்ரல் 24

வலது கண்ணுக்கு அறுவை நடந்தது. கூழை உறிஞ்சி எடுத்துவிட்டு உப்புநீர் நிரப்பினார்களாம். எடுத்ததை எறிந்துவிடாமல் ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். கொடுங்கள் என்று கையெழுத்திட்டேன். குப்பைக்குப் போவதைவிட மேல். கையிலிருந்து இரத்தமும் எடுத்தார்கள். இம்முறை மறுக்கவில்லை.

(ஒற்றைக் கண்ணால் எழுதுவதால் வரி கோணுகிறது. மன்னிக்க.) யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்?

மே 2

கட்டைப் பிரித்தார்கள். சர்வேசுரா! கடலுக்கு ஒரு கோடு இருக்கிறது. அதை மறந்தே போயிருந்தேன். எதிர்வீட்டுச் சுவரில் ஓடுகளின் நீலம், அந்த நீலத்துக்குள் இன்னொரு நீலம். ஒரு கடற்காகம் பறக்கையில் காலை மடக்கிக்கொள்வதைப் பார்த்தேன். பகல் முழுவதும் ஒரு வேலையும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கண்ணாடியையும் பார்த்தேன். அது அவ்வளவு அவசியமாக இருக்கவில்லை.

மே 21

இரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தது. "உண்டு" என்கிறது.

தவறாக இருக்கவேண்டும். என் தாய் தொண்ணூற்றொரு வயதில் ஜெபமாலை சொல்லிக்கொண்டே போனாள், கடைசி நாள்வரை தன் காலில் நடந்து. அப்பா வீட்டில் ஒருவர்கூடக் காலை இழுத்ததில்லை. ஒருவர்கூட.

சின்னப்பாதம் இரு வீட்டிலும் இருந்திருக்கலாம். அப்படியும் நடக்கும். எனக்கு இருப்பதால் பெல்மீருவுக்கு இல்லை என்று ஆகாது.

ஆகஸ்ட் 15

மாதா திருநாள். ஊர்வலம் கடலோரம் வந்தபோது படகுகள் வாணம் விட்டன. சுல்மீரா எதிர்ப்பக்கம் நின்றாள். இந்தக் கண்ணுக்கு எல்லாம் தெரிகிறது. அவளுக்கு வயதாகிவிட்டது.

செப்டம்பர் 17, செவ்வாய்

போர்த்தோவிலிருந்து திரும்பி இரண்டு மணி நேரமாகிறது. இன்னும் சால்வையைக் கழற்றவில்லை. முறையாக எழுதப் பார்க்கிறேன்.

என் கண்ணின் கூழைப் பெற்ற ஆராய்ச்சியாளர் டாக்டர் நோயேமியா கூப்பிட்டனுப்பியிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், மலைநாட்டில் பிறந்தவர், கடலைக் கோடையில் மட்டும் பார்த்தவர். "உங்களோடதை நீங்க பாக்கணும்மா" என்றார்.

திரையில் முதலில் வந்தது சாம்பல் நிறப் பனியில் சிதறிய வைக்கோல்.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இருங்கம்மா. இதெல்லாம் நிழல். ஒரு நிழலைப் பாத்தா ஒண்ணும் தெரியாது. கூழை ஒரு நொடியில உறைய வச்சு, எலக்ட்ரான் நுண்ணோக்கியில லட்சக்கணக்கா நிழல் பிடிச்சு, ஒண்ணுமேல ஒண்ணா ஒப்பிட்டுப் பாத்தா உள்ள இருக்கிற உருவம் வரும்."

எதையோ தட்டினார். உருவம் வந்தது.

அதை எப்படி எழுதுவது? மேசைமேல் தட்டையாகக் கிடத்திய ஒரு நாடாவை நினைக்க வேண்டும். அது வளைகிறது, திரும்புகிறது, தன்மேலேயே மடிந்து வருகிறது. ஒரு வளைவின் மேடு பக்கத்து வளைவின் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்கிறது, இடையில் ஒரு மூச்சு நுழைய இடமில்லை. மொத்தமும் சேர்ந்து ஈட்டிமுனை வடிவம். உள்ளே மட்டும் ஒரு சிறு வெற்றிடம், வாய்க்கால் போல. அது ஒரு அடுக்கு. அதன்மேல் அதே நாடா, அதே மடிப்பு. அதன்மேல் இன்னொன்று. அடுக்கடுக்காக ஏறி, மணிக்கூண்டுப் படிகளைப் போல மெல்லத் திருகிக்கொண்டே, திரையைத் தாண்டிப் போயிற்று. அந்த வாய்க்காலும் கூடவே போயிற்று.

"ஒரு தலைமுடி தடிமனுக்கு எத்தனை அடுக்கு வரும்?"

"ஒன்றரை லட்சம் இருக்கும்மா."

"எங்காவது ஒரு மடிப்பு பிசகியிருக்கிறதா?"

சிரித்தார். "பிசகினா அது ஏறாதும்மா."

மடத்துப் பள்ளியில் மதர் லூட்கார்டா பீடத்துணி மடிக்கக் கற்றுக்கொடுத்தார். நாற்பது துணியில் ஒன்று கோணினாலும் நாற்பதையும் பிரித்து மறுபடி மடிக்க வேண்டும். என்னுடையது ஒருமுறைகூடக் கோணியதில்லை. அந்தப் பெருமையிலேயே எழுபது வருடம் வாழ்ந்திருக்கிறேன். இன்று திரைமுன் உட்கார்ந்தபோது, மடிப்பதைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்று தோன்றியது. மதர் இருந்திருந்தால் முழந்தாளிட்டிருப்பார். நானும் இட்டிருப்பேன் — முட்டி இடங்கொடுத்திருந்தால்.

இதுதான் என் பிள்ளையைக் கொன்றது. இதே மடிப்பு. அவன் நரம்புகளைச் சுற்றி, இதயத்தின் சதைக்குள், இத்தனை ஒழுங்காக! கோரமாக இருக்கும் என்று இருபத்து மூன்று வருடமாக நினைத்திருந்தேன். கோரமாக இருந்திருக்கலாம். அழகாக இருப்பதை எப்படி வெறுப்பது என்று யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

"இது பிறந்தப்ப இப்படி இல்லம்மா" என்றார் நோயேமியா. "இது ஒரு புரதம், நூற்று இருபத்தேழு மணி கோத்த மாலைன்னு வச்சுக்கங்க. எல்லார் இரத்தத்துலயும் ஓடுது. நாலு நாலாச் சேர்ந்து வைட்டமினைச் சுமந்துக்கிட்டுப் போகும், நாலு துடுப்புப் படகு மாதிரி. உங்களுக்கு முப்பதாவது மணி மட்டும் வேற. அதனால பிடிப்பு தளர்ந்து, சிலருக்கு முப்பது வயசுல, சிலருக்கு எண்பதுல, ஒரு ஆள் குதிச்சதும் படகே கலைஞ்சிடுது."

"எங்கள் ஊர்ப் படகில் யாரும் குதிக்கமாட்டார்கள்."

"சரிம்மா, தப்புதான்."

"தனியானதற்கு இப்படி மடியச் சொல்லிக்கொடுப்பது யார்?"

"கீழ இருக்கிற அடுக்கு. அதைப் பாத்துத்தான் மேல வர்றது மடியுது."

"முதல் அடுக்குக்கு?"

"அது எங்களுக்கும் இன்னும் தெரியலம்மா."

இந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போயிற்று. தெரியாததைத் தெரியாது என்கிறார்.

என்னுடையதன் பக்கத்தில் இன்னொருவருடையதை வைத்துக் காட்டினார். வேறெங்கோ செத்த ஒருவரின் இதயத்திலிருந்து எடுத்தது. அதே ஈட்டிமுனை, வாய்க்காலின் வாசலில் மட்டும் ஒரு சிறு வித்தியாசம். எனக்குச் சட்டென்று எங்கள் குறிகள் நினைவுக்கு வந்தன. கடைசி மகனுக்கு அப்பாவின் குறி அப்படியே. மூத்தவர்களுக்கு அதிலேயே ஒரு கோடு, இரண்டு கோடு கூடுதல். அதைச் சொன்னேன். நோயேமியா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

"உங்க அப்பா எத்தனை வயசுல போனாரும்மா?"

"இருபத்தாறு. கடலில்."

"அவர் கூடப் பிறந்தவங்க?"

"இருவர். இருபத்து நான்கு, முப்பது. கடலில்."

"தாத்தா?"

"முப்பத்தொன்று. கடலில். எல்லாரும் திடகாத்திரமானவர்கள். எங்கள் குறியில் நோயாளி கிடையாது."

அவர் அந்த எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார்.

துவார்த்துக்குக் கால் மரக்க ஆரம்பித்தது இருபத்தேழில்.

செப்டம்பர் 18

எங்கள் ஊரில் கடலில் போனவர்களை ஆரோக்கியமானவர்களின் கணக்கில் சேர்க்கிறோம். ஊர் முழுவதும் அப்படித்தான். நோய் வருவதற்குமுன் கடல் வந்துவிட்ட வீடுகள் சுத்தமான வீடுகள்.

செப்டம்பர் 29

பாவசங்கீர்த்தனம். ஃபாதர் அன்செல்மு கேட்டுவிட்டுச் சொன்னார்: "எர்மீனியாம்மா, இதை என்கிட்ட சொல்றது சுலபம். சுல்மீரா இருக்கிற தெற்குத் தெருவுக்கு இங்கிருந்து பத்து நிமிஷ நடைதான்."

என் கால் நிலைமையில் இருபது நிமிடம் என்றேன்.

"இருபது நிமிஷம்தான்."

அக்டோபர் 2

போகவில்லை. மழை.

அக்டோபர் 5

மழை இல்லை. போகவில்லை. எனக்கு இருப்பது உறுதி. அவர்களுக்கு இல்லை என்பது உறுதியில்லை. உறுதியில்லாத ஒன்றுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? — இது நியாயமா, சாக்கா? சாக்குதான்.

அக்டோபர் 8, செவ்வாய்

போனேன்.

சுல்மீரா முற்றத்தில் முக்காலி போட்டு அயிலை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"வா அண்ணி. வாசல்ல நிக்காத, வெளிச்சம் மறைக்குது."

உள்ளே வந்து நின்றேன். வழியெல்லாம் தயார் செய்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். "சுல்மீரா, நீண்ட காலத்துக்கு முன் ஒரு துயரமான நாளில், அன்றிருந்த மனநிலையில்..."

"மடத்துல படிச்சவங்களுக்கு இதுக்கும் முன்னுரை வேணுமா? விஷயத்துக்கு வா. மீன் கெட்டுப்போகும்."

"சின்னப்பாதம் என் இரத்தத்தில் இருக்கிறது. அப்பா வழி. துவார்த்துக்கு நான் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து வந்திருக்காது என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியவில்லை."

"எனக்குத் தெரியும்" என்றாள், கத்தியைக் கீழே வைக்காமல்.

"என்ன தெரியும்?"

"தொண்ணூத்தொண்ணுல உங்க ரெண்டு பேர் இரத்தத்தையும் கேட்டாங்கல்ல? நீ குடுக்கல. 'என் குறி சுத்தம்'னு டாக்டருக்கே பாடம் நடத்தின. அண்ணன் குடுத்துச்சு. பதில் கடுதாசி வந்துச்சு. அதுக்குப் படிக்கத் தெரியாது. வீட்டுல மடத்துப் பள்ளிக்கூடம் படிச்ச பொண்டாட்டி இருக்கா, ஆனா நாலாங்கிளாஸ் படிச்ச என்கிட்டதான் எடுத்துட்டு வந்துச்சு. இதே முற்றம்தான். நான்தான் வாசிச்சேன். இல்லைன்னு போட்டிருந்துச்சு, அண்ணி. அண்ணனுக்கு இல்லை."

நான் எதையோ பிடித்துக்கொண்டேன். துணி காயப்போடும் கம்பம் என்று நினைக்கிறேன்.

"செஃபெரீனு சித்தப்பா..."

"அந்த மனுஷன் குடிச்சுக் காலை இழுத்தாரு. ஊருக்கே தெரியும், உனக்குத் தவிர."

"பெல்மீரு ஏன் என்னிடம்..."

"சொல்லலாம்னுதான் நான் குதிச்சேன். 'வேணாம்டி, அவ பிள்ளையைத் தூக்கிச் சுமக்கிறா. இதையும் அவ தலையில வைக்காத, எனக்கு முதுகு அகலம்'னுச்சு. மாதா மேல சத்தியம் வாங்கிடுச்சு. நீ கல்லறை வாசல்ல நின்னு கத்தினியே, அப்ப நான் வாயைத் தொறந்துட்டேன். அண்ணன் உன் பின்னாடிதான் நின்னுச்சு. தலையை ஆட்டுச்சு. வேணாம்னு."

மீன் வாளியில் தண்ணீரை மாற்றினாள். தண்ணீர் பாதி வெளியே போயிற்று.

"இருபத்து மூணு வருஷம் இந்த வாயை மூடி வச்சிருந்தேன். இந்த வாயை! மீன் சந்தையில யார்கிட்ட வேணா கேளு, நம்புவாங்களான்னு."

"நீ என்னை வெறுத்திருக்க வேண்டும்."

"வெறுத்தேன்! வெறுக்கலைன்னு யார் சொன்னா?" சட்டென்று அழ ஆரம்பித்தாள், முழங்கைவரை மீன் செதிலோடு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உக்காரு. நின்னுக்கிட்டே இருந்தா விழுந்துடுவ. அப்புறம் அதுக்கும் எங்க குறியைத்தான் சொல்லுவ."

உட்கார்ந்தேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நான்கு அயிலைகளைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். நானும் வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 9

பெல்மீரு.

அக்டோபர் 11

இரண்டாயிரத்து எட்டில் சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு "மன்னிச்சுக்க, எர்மீனியா" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. தெரியும் என்று நினைத்தேன். "சர்வேசுரன் மன்னிப்பார்" என்றேன். என்ன குரலில் சொன்னேன் என்பதும் நினைவிருக்கிறது. ஐயோ, நான் என்ன மனுஷி? எதற்காகக் கேட்டார்? என்னிடமிருந்து மறைத்ததற்கா? அப்படியானால் அந்த நேரத்திலும் —

முடியவில்லை. நாளை எழுதுகிறேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

நாளை என்று எழுதி ஒன்பது நாளாயிற்று. கடிதம் வந்த நாளிலிருந்து சாகும்வரை பதினேழு வருடம், ஒரே மேசை, ஒரே படுக்கை. கோபத்தில்கூட, நான் அவர் வீட்டாரைத் திட்டிய எத்தனையோ சாப்பாட்டு வேளைகளில்கூட, ஒரு சொல் பிசகவில்லை. பெயர் எழுதத் தெரியாத மனிதர். செப்டம்பரில் அந்தத் திரைமுன் உட்கார்ந்தபோது, இதைவிட நேர்த்தியாக ஒன்றை யாரும் செய்துவிட முடியாது என்று நினைத்தேன். எழுபத்தொன்பது வயதிலும் எனக்கு அவசரப் புத்தி.

அக்டோபர் 28

மாத்திரை தொடங்கியாயிற்று. நான்கு துடுப்புக்காரரையும் சேர்த்துப் பிடித்துவைக்குமாம். துவார்த் காலத்தில் இது இல்லை. அதை நினைக்காமல் விழுங்கப் பழக வேண்டும்.

ஊரார் முன்னிலையில் சொன்னதை ஊரார் முன்னிலையில்தான் திருத்த வேண்டும். வீட்டு முற்றத்தில் சொன்னது கணக்கில் வராது. வெள்ளிக்கிழமை சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாள். பூ வைக்கக் கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் இருப்பார்கள்.

நவம்பர் 1

சொல்லிவிட்டேன்.

நவம்பர் 27, புதன்

நேற்று இடது கண்ணுக்கு அறுவை நடந்தது. வலது கண்ணுக்கும் ஓய்வு வேண்டும் என்று இரண்டையும் கட்டியிருக்கிறார்கள். ஆகவே இன்று நான் சொல்லச் சொல்ல சுல்மீரா எழுதுகிறாள். இம்முறை எடுத்த கூழும் நோயேமியாவுக்குப் போகிறது. ஒரே ஆளின் இரண்டு கண்ணிலும் ஒரே மடிப்பா என்று பார்க்க வேண்டுமாம். ஒரே மடிப்பாகத்தான் இருக்கும் என்று நான் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

(பந்தயம் ஒரு கேக்கு. இவளுக்கு இனிப்பு ஆகாது. ஜெயிச்சா நான்தான் திங்கணும்.)

சொல்வதை மட்டும் எழுது என்று சுல்மீராவுக்கு மூன்றாவது முறையாகச் சொல்லியிருக்கிறேன். நேற்று அறுவைக்கு முன் அவளும் அந்தப் படத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "கடவுள் இதுக்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்காரே அண்ணி, ஏன்?" என்று கேட்டாள். மூன்று பெண்கள் ஒரு திரைமுன் வாயடைத்து உட்கார்ந்திருந்தோம். சுல்மீரா வாயடைத்திருந்ததை இங்கே பதிவு செய்கிறேன்.

இன்றைக்கு இவ்வளவே.

(அண்ணி தூங்கிட்டா. இனிமே எழுதறது நான்.

திருநாள் அன்னைக்கு நடந்ததை இவ ஒரே வார்த்தையில முடிச்சிருக்கா. முன்பக்கம் புரட்டக்கூடாதுன்னு உத்தரவு. புரட்டிட்டேன். அதனால நான் எழுதி வைக்கிறேன். அண்ணன் கல்லறைமேல பூ வச்சுட்டு, அந்தக் கல்லுல இருக்கிற எங்க குறிமேல கையை வச்சு, ஊர் மொத்தமும் திரும்பிப் பாக்கிற குரல்ல சொன்னா: "இந்தக் குறியில் நோய் இல்லை. நோய் என்னுடையது. இருபத்து மூன்று வருடம் நான் பொய் சொன்னேன்." மடத்துப் பள்ளிக்கூடத்துல ஒப்பிக்கிற மாதிரி, முதுகை நேரா வச்சுக்கிட்டு. அப்புறம் என்கிட்ட திரும்பி, "சரியாகச் சொன்னேனா?"ன்னு கேட்டா. கொஞ்சம் சத்தமா இருந்துச்சுன்னேன்.

நாளைக்குக் காலையில கட்டுப் பிரிக்கிறாங்க. எட்டு மணி ரயில். ஆஸ்பத்திரித் தாள்ல துணைக்கு வர்றவங்க பேரு, உறவுன்னு ரெண்டு இடம் காலியா இருந்துச்சு. கண்ணைக் கட்டுறதுக்கு முன்னாடி அதை மட்டும் இவ தன் கையாலேயே எழுதிட்டா. நல்ல எழுத்து. சுல்மீரா. தங்கை.)